பன்வில பெரட்டுக்களத்தில் பொய்ச்சங்கு

வாங்க, வாங்க. எல்லாரும் நல்லா இருக்கீங்களா? வீட்டுல பிள்ளைகள் சுகமா? உங்கள் பக்கம் மழை விட்டதா? இங்கே காலையில் மூடிக்கொண்ட பனி இப்போதுதான் கலைந்து, எதிர் மலை தெரிகிறது. கையில் சூடாக ஒரு கோப்பை பால் விடாத பிளேன்டீ இருக்கிறது. கொஞ்ச நேரமும் இருக்கிறது. வழக்கம்போல நான் போனில் பேசி அனுப்புகிறேன். மகள் அதைக் கேட்டு, எழுத்துத் தமிழில் ஒழுங்குபடுத்தி இங்கே போடுவாள். பிழை இருந்தால் என்னுடையது, ஒழுங்கு இருந்தால் அவளுடையது.

போன மாதம் ஒரு படம் போட்டிருந்தேன். மண் களத்தின் நடுவில் ஒருவர் சாக்சபோன் ஊதுகிறார். கொழுந்துக் கூடையோடு பெண்கள் சுற்றி நிற்கிறார்கள். ஒரு த்ரீவீலர் சாரதி கையைத் தூக்கி ஆடுகிறார். இது எந்த இடம், எப்படிப் போவது, என்ன விசேஷம் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். இடம், பன்விலவுக்கு மேலே நான் பிறந்த தேயிலைத் தோட்டம். போகும் வழியைச் சொல்கிறேன். ஆனால் விசேஷத்தைச் சொல்லாமல் வழியைச் சொன்னால், நீங்கள் வந்து வெறுங்களத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவீர்கள்.

விசேஷம், தங்கராசு. எனக்குச் சேக்காளி. கண்டியில் ஹோட்டல், கல்யாணம், கார்னிவல் என்று எங்கே ரொக் பேண்ட் மேடை போட்டாலும் 'தங்கா' என்று விசிலடிப்பார்களே, அவன்தான். பதினைந்து வயதில் கண்டியில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேசை துடைக்கப் போனவன். பக்கத்து மாடியில் ஒரு பேண்ட் குழு பழகும். மேசை துடைத்த துணி தோளில் கிடக்க, மாடிப்படியில் போய் நிற்பான். அங்கே சாக்சபோன் ஊதிக்கொண்டிருந்தவர் வெளிநாடு போகும்போது, தன் பழைய சாமானை இவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். படிப்பு இல்லை, நோட்டு எழுத்துத் தெரியாது. காதில் விழுந்ததை வாயில் கொண்டுவருவான்.

அவன் ஊதுவதை நான் முதலில் பார்த்தது ஒரு கார்னிவலில். அப்போது நான் கொழுந்து லாறி ஓட்டிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருஷம் ஓட்டினேன், ஒருமுறைகூடப் பள்ளத்தில் விட்டதில்லை. அது வேறு கதை, இன்னொரு நாள் கேளுங்கள். பாட்டு நடுவில் டிரம்ஸ் நிற்கும், கிட்டார் நிற்கும். இவன் முழங்காலில் உட்கார்ந்து, முதுகு மேடையைத் தொடுகிற மாதிரிப் பின்னால் வளைந்து, ஒரே ஒரு சுரத்தைப் பிடிப்பான். அடியில் இருந்து மெதுவாக ஏறும். ஏறி, உச்சியில் போய் நிற்கும். அசையாது. சனங்கள் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குவார்கள். நாற்பது வரைக்கும் பிடிப்பான். பிறகு அந்தச் சத்தம் மலையில் இருந்து இறங்குகிற மாதிரி இறங்கும். டிரம்ஸ் திரும்ப விழும்போது நாற்காலியில் ஒருவர் இருக்கமாட்டார்.

எல்லாரும் அது வெளிநாட்டு ரொக் வித்தை என்று நினைத்தார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது வேறு காரணத்துக்கு. அது எங்கள் தோட்டத்துச் சங்கு. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் காலையில் ஊதும் சங்கு அப்படித்தான் அடியில் தொடங்கி ஏறும், நிற்கும், இறங்கும். அதைக் கேட்டுத்தான் தோட்டமே எழும்பும்.

இனி அந்தப் பழைய சம்பவம். இதைத் தெரியாமல் படத்தைப் பார்த்தால் புரியாது.

அவனுக்குப் பத்தொன்பது வயது. சாக்சபோன் கைக்கு வந்த புதிது. லீவுக்குத் தோட்டத்துக்கு வந்தவன், விடியக் காலையில் எழும்பி, யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மேட்டில் போய் நின்று ஊதியிருக்கிறான். ஊதியது எது? நெஞ்சில் கிடந்த அந்தச் சங்குச் சத்தம்தான். நல்ல பனி. கடிகாரம் பார்ப்பவர் யார்? சங்கு ஊதிவிட்டது என்று லயமே எழும்பி, பாதி ரொட்டியும் கையுமாகப் பெரட்டுக்களத்துக்கு ஓடியிருக்கிறது. பெரட்டு என்றால் காலையில் ஆட்களைக் கூட்டி, இன்றைக்கு யாருக்கு எந்த மலை என்று வேலை பிரித்துக் கொடுப்பது. களத்தில் வேலை பிரிக்கிற கங்காணியும் இல்லை, பேர் பதிகிற கணக்கப்பிள்ளையும் இல்லை. ஒரு மணி நேரம் முந்திப் போய் எல்லாரும் குளிரில் நிற்கிறார்கள்.

அதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஊதியது யாரென்று தெரிந்து, ஏசிவிட்டு, எல்லாரும் திரும்பிப் போய்ப் படுத்தார்கள். பிறகு ஸ்டோரில் உண்மையான சங்கு ஊதியது. "அந்தப் பயதான் திரும்ப ஊதுறான்" என்று ஒருவரும் அசையவில்லை! பாதித் தோட்டம் வேலைக்குப் பிந்திப் போனது. எல்லாருக்கும் அரைப்பேர் போட்டார்கள், அதாவது அரைநாள் சம்பளம்.

அன்று பின்னேரம் அவனைக் களத்தில் நிறுத்தி வைத்துப் பேசினார்கள். அவன் தங்கச்சி மாரியாயி, அப்போது பதினேழு வயது, கோபத்தில் எல்லார் முன்னாலும் கத்தினாள்: "இவன் தங்கராசு இல்ல, பொய்ச்சங்கு!" களம் சிரித்தது. பெயர் ஒட்டிக்கொண்டது.

தங்கராசு ஏசவில்லை. "இந்தக் களத்துல இனிமே நானா ஊத மாட்டேன். நீங்களா வாயால கூப்பிட்டா வந்து ஊதுறேன்" என்றான். போகும்போது மாரியாயி கையில் எதையோ வைத்துவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு தீபாவளிக்கு வருவான், கல்யாணத்துக்கு வருவான், சாவுக்கு வருவான். சாக்சபோன் மட்டும் வராது. கண்டியில் ஆயிரம் பேர் கூப்பிட்டவனைத் தோட்டத்தில் ஒருவர் கூப்பிடவில்லை. பகை என்று இல்லை. மற்றவர் கூப்பிடட்டும் என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒத்திகை முடிந்து மாடிப்படி இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழும்பவில்லை.

இரண்டாம் வருஷத் திவசத்துக்கு ஒரு மாதம் இருக்க, மாரியாயி எனக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணே, அண்ணனோட அந்தக் குழல் யாருகிட்ட இருக்கு?"

"கடுகண்ணாவையில, நியாஸ்கிட்ட. ஏன்மா?"

"அத இங்க கொண்டாந்து, அதே களத்துல ஊதணும். ஊதுனா நம்ம ஆளுக வரணும். அந்தப் பேர வச்ச வாயி இதுதானே. அடுத்த தீபாவளிக்குக் கூப்பிடலாம், அடுத்த தீபாவளிக்குக் கூப்பிடலாம்னு இருந்துட்டேன். வருவாங்களாண்ணே?"

வருவார்கள் என்று சொன்னேன். எனக்கே நம்பிக்கை இல்லை. அரைப்பேர் போனவர்களில் பாதிப்பேர் இன்னும் அங்கே இருக்கிறார்கள். அந்தக் கதையைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

நியாஸ், தங்காவின் பேண்டில் ட்ரம்பெட் ஊதியவர். கடுகண்ணாவையில் சின்ன ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். நானும் இப்போது மகளோடு கடுகண்ணாவையில்தான் இருக்கிறேன். அவர் என்னை 'நானா' என்பார். அவர்கள் பக்கத்தில் அண்ணனுக்கு அதுதான் சொல். விஷயத்தைச் சொன்னதும் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நானா, அவர்ட வாய் வேற, எண்ட வாய் வேற. ட்ரம்பெட் ஊதின வாயால சாக்ஸ் ஊத ஏலா."

"ஒரே ஒரு சுரம் போதும், நியாஸ். மற்றதைப் பிறகு பார்ப்போம்."

"அந்த ஒண்டுதானே நானா கஷ்டம்!"

ஆனாலும் ஒரு மாதம் கடைக்குப் பின்னால், ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று பழகினார். நான் எண்ணுவேன். முதல் கிழமை பன்னிரண்டு. கடைசிக் கிழமை இருபத்திரண்டு. அதற்கு மேல் ஏறவில்லை.

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை, காலை ஆறு நாற்பதுக்குக் கடுகண்ணாவையில் கண்டி பஸ் ஏறினோம். பதினாறு கிலோமீட்டர், ஆளுக்குத் தொண்ணூறு ரூபாய். பாறையைக் குடைந்த அந்தப் பெயர்பெற்ற வழியைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கவனியுங்கள்: அது கொழும்புப் பக்கம் இறங்கும்போது வரும், கண்டிக்குப் போகும்போது வராது. என் மருமகன் ஒருவன் அதைப் பார்ப்பதற்காகக் கண்டிவரை யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு போய்க் கழுத்துச் சுளுக்கிக்கொண்டான்.

சாக்சபோன் பெட்டி பெரிது. பக்கத்துச் சீட்டில் வைத்தோம். கண்டக்டர் வந்து பார்த்தார்.

"பெட்டிய மடியில வச்சா டிக்கட் இல்ல. சீட்டுல வச்சா டிக்கட்."

"அப்ப நான் பெட்டிட மடியில குந்தவா?" என்றார் நியாஸ்.

கண்டக்டர் சிரித்துவிட்டு, இரண்டு டிக்கட் மட்டும் கிழித்தார். பேராதனை தாண்டும்போது கூட்டம் நெருக்கியதால் பெட்டி கடைசியில் என் மடிக்குத்தான் வந்தது. தங்கராசுவை லாறியில் பக்கத்தில் உட்கார்த்திக் கொண்டுபோன ஞாபகம் வந்தது. அவனும் கிட்டத்தட்ட இந்தப் பாரம்தான் இருப்பான்.

ஏழு முப்பத்தைந்துக்குக் கண்டி குட்ஷெட் பஸ் நிலையம். இறங்கியதும் சாப்பிட்டுவிடுங்கள், மேலே போனால் கடை குறைவு. நாங்கள் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டோம், இரண்டு பேருக்கும் அறுநூற்று நாற்பது ரூபாய் ஆனது. பன்வில பஸ் எந்த இடத்தில் நிற்கிறது என்று கட்டாயம் கேட்டு ஏறுங்கள், அது ஒரு இடத்தில் நிலையாக நிற்பதில்லை. எட்டேகாலுக்கு ஏறினோம். இருபத்துநான்கு கிலோமீட்டர், ஆளுக்கு நூற்று முப்பது. வத்தேகம வரைக்கும் ஒரு மாதிரி ஓடும். அதற்குப் பிறகு ஏற்றம், வளைவு. வயிறு சரியில்லாதவர்கள் முன் சீட்டைப் பிடியுங்கள். தேயிலை தொடங்கும் இடத்தில் காற்று மாறும், கண்ணை மூடியிருந்தாலும் தெரியும்.

ஒன்பது நாற்பதுக்குப் பன்வில. அங்கிருந்து தோட்டத்துக்கு நான்கு கிலோமீட்டர், பஸ் இல்லை. த்ரீவீலருக்கு ஐந்நூறு ரூபாய். சாரதி ஒரு சிங்கள மனுசர், பெட்டியைப் பார்த்து உடைந்த தமிழில் கேட்டார்.

"ஐயா, உள்ளுக்கு என்ன? துவக்கா? சுடுறதா?"

"சாக்சபோன். தங்காவுடையது. கேள்விப்பட்டிருக்கிறீர்களா?"

அவர் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "கார்னிவல் தங்கா? முழங்கால்ல உக்காந்து ஊதுறது? நான் சின்னக் காலம் பாத்தது! எங்க அம்மா அன்னைக்கு ஆடி ஆடிச் செருப்பு தொலைச்சது. வெறுங்கால்ல வீட்டுக்கு வந்தது!"

இறக்கிவிட்டுப் போகாமல், "நானும் பாக்கிறது" என்று வண்டியை ஓரமாக விட்டுவிட்டுக் கூடவே வந்தார். காத்திருக்கும் கூலி கேட்கவில்லை.

பத்தே காலுக்குக் களத்தில் இருந்தோம். களம் மாறவில்லை. மேலே மூடிக் கிடக்கும் ஸ்டோர்தான் மாறியிருந்தது. ஆறு வருஷமாக அங்கே வேலை இல்லை. கொழுந்து வேறு ஸ்டோருக்கு லாறியில் போகிறது. சங்கும் அன்றோடு நின்றுவிட்டது. இப்போது எல்லாரும் போன் மணியில் எழும்புகிறார்கள்.

மாரியாயி களத்தைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, அண்ணன் படத்துக்கு மாலை போட்டு வைத்திருந்தாள். திட்டம் இதுதான்: பன்னிரண்டு மணிக்குக் கொழுந்தை எடைபோட்டுவிட்டு எல்லாரும் இந்த வழியாகத்தான் லயத்துக்குப் போவார்கள். அப்போது நிற்கச் சொல்லி, நியாஸ் ஊதவேண்டும். முதல்நாள் ஒவ்வொரு லயமாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

"என்னம்மா சொன்னாங்க?"

"பாப்போம்னாங்கண்ணே. ஒருத்தி, 'அரைப்பேர் போடுவாங்களாடி?'ன்னு கேட்டா."

பதினொரு மணிக்குக் களத்தில் எண்ணிப் பார்த்தேன். எங்களோடு சேர்த்து ஏழு பேர். மாரியாயி திரும்பத் திரும்ப மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே, பச்சைக்குள் கொழுந்து பறிப்பவர்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தார்கள்.

நியாஸ் பெட்டியைத் திறந்து சாமானைப் பூட்டினார். ஊதும் வாய்ப்பக்கத்தில் மூங்கில் சீவல் மாதிரி மெல்லிய துண்டு ஒன்று இருக்கும். அவர்கள் ரீட் என்பார்கள். நாதஸ்வரக்காரர் சீவாளி என்பார்களே, கிட்டத்தட்ட அது. அது இல்லாமல் சாக்சபோன் வெறும் பித்தளைக் குழாய். நியாஸ் கழுத்தில் வாரை மாட்டி, குழலைத் தூக்கி, வாய்க்குக் கொண்டுபோகும்போது சட்டைப் பொத்தானில் டக்கென்று ஒரு சத்தம். ரீட்டின் நுனி உடைந்து மண்ணில் விழுந்தது.

"மற்றது எங்கே?" என்றேன்.

அவர் சட்டைப் பையைத் தடவினார், பெட்டியைத் தடவினார். முகம் வெளுத்துவிட்டது. "கடை மேசை லாச்சியில நானா. ஆணிப் பெட்டிக்குப் பக்கத்துல வச்சிட்டு வந்துட்டேன். அல்லாவே!"

கடுகண்ணாவைக்குப் போய்வர ஏழு மணி நேரம். கண்டியில் வாங்கலாம் என்றால் அதுவும் ஐந்து மணி நேரம். பன்னிரண்டுக்கு ஆட்கள் வந்து நின்றால் எதைக் காட்டுவது? பெயர் சொன்ன மாதிரியே பொய்யாகப் போய்விடுமே. நான் மண்ணில் கிடந்த துண்டைப் பொறுக்கினேன்.

மாரியாயி கிட்டே வந்து என் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"இதுவாண்ணே உடைஞ்சது?"

"ஆமாம்மா. இந்தச் சின்னத் துண்டுதான்."

அவள் லயத்துக்கு ஓடினாள். ஐம்பத்திரண்டு வயதுப் பெண் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. திரும்பி வரும்போது கையில் ஒரு மஞ்சள் டப்பா. திறந்தாள். மஞ்சள் தூளுக்குள் புதைந்து, வெற்றிலைக் காம்பு நீளத்தில் ஒரு சீவல்.

"அன்னைக்கு என் கையில குடுத்துட்டுப் போனான். 'இது சங்கோட நாக்கு. நீங்க கூப்பிடுற அன்னைக்குத் திருப்பிக் குடு'ன்னான். சாமிப் படத்துக்கிட்ட வச்சிருந்தேன். என்னா சாமான்னே தெரியாது."

முப்பத்தைந்து வருஷம். நியாஸ் அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "காஞ்சிட்டு. ஆனா வெடிக்கல்ல." ஊறவைக்கவேண்டும் என்றார். தண்ணீர் எடுக்க யாரும் நகரும்முன், பக்கத்தில் இருந்த பிளேன்டீக் கோப்பைக்குள் அதைப் போட்டுவிட்டார். தோட்டத்துப் பிளேன்டீ, சும்மா இல்லை. கால் மணி நேரம் ஊறியது. மஞ்சளும் சாயமும் சேர்ந்து அந்தக் கோப்பை என்ன நிறத்துக்கு வந்தது என்று சொல்ல மாட்டேன்.

மணி பதினொன்றரை. நியாஸ் ரீட்டைப் பூட்டி மெதுவாக ஊதினார். ஆடு கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. த்ரீவீலர் சாரதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மாரியாயி அவரை ஒரு பார்வை பார்த்தாள், சிரிப்பு நின்றது.

"சும்மா ஒருக்காப் பாக்கிறேன், நானா. எண்ணாதீங்க" என்றார் நியாஸ்.

ஊதினார். அடியில் இருந்து வந்தது. கரகரத்து, வழுக்கி, பிறகு பிடித்துக்கொண்டது. ஏறத் தொடங்கியது. நியாஸுக்கே ஆச்சரியம், கண் பெரிதாகிவிட்டது. பழகிப் பார்க்க ஊதியவர் நிறுத்த மனமில்லாமல் போய்க்கொண்டே இருந்தார். சத்தம் உச்சிக்குப் போய் நின்றது. எதிர் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. எண்ணாதே என்று சொன்னாலும் என் வாய் எண்ணியது. இருபத்திரண்டு. இருபத்தைந்து. மேலே புள்ளிகள் அசையாமல் நின்றுவிட்டன. முப்பது. கழுத்து நரம்பு புடைத்து, முகம் சிவந்து, நியாஸ் முழங்காலில் விழுந்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முப்பத்துமூன்று. மூச்சு முடிந்தது. சத்தம் இறங்கி நின்றது.

பிறகு மலையில் இருந்து குலவை வந்தது. முதலில் ஒரு குரல். அடுத்து இரண்டு. பிறகு எத்தனை என்று தெரியாத அளவுக்கு, அவர் விட்ட இடத்தில் இருந்து எடுத்த மாதிரி, மலை முழுதும் பெண்கள் குலவை போட்டார்கள். புள்ளிகள் இறங்கத் தொடங்கின. கூடையோடு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு, படியில் இறங்குகிறார்கள், குறுக்கே இறங்குகிறார்கள். லயத்தில் இருந்து கிழவர்கள், பிள்ளைக்காம்பராவில் இருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆயாமார். ஆறு வருஷம் ஊதாத சங்கு ஊதிவிட்டது என்றே நிறையப் பேர் வந்தார்கள்.

கடைசியாக, மூச்சு வாங்கிக்கொண்டு கங்காணி வந்தார். அந்தக் காலத்தில் அரைப்பேர் வாங்கிய பையன்களில் அவரும் ஒருவர். கையில் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"மணி பதினொன்றரைதானேய்யா ஆவுது! இன்னைக்கும் முந்தியே ஊதிட்டானா?"

களம் அதிர்ந்து சிரித்தது. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் சிரித்த சிரிப்பு வேறு. இது வேறு.

மாரியாயி நடுவில் வந்து நின்றாள். "பொய்ச்சங்குன்னு பேரு வச்சது நாந்தான். எல்லாருக்கும் தெரியும். வாயால கூப்பிட்டாத்தான் ஊதுவேன்னு சொல்லிட்டுப் போனவன். இப்ப ஊதுனது சும்மா, ரீட்டு பாக்க. இன்னும் கூப்பிடல. கூப்பிடுங்களேன்."

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கங்காணி தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்தார்.

"தங்கராசு! ஊதுய்யா!"

"ஊதுங்கண்ணே!" என்றது ஒரு பெண் குரல். பிறகு களம் முழுதும். அவனைப் பார்த்தே இராத பிள்ளைகள்கூடக் கத்தினார்கள். மாரியாயி கடைசியாகத்தான் கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டு, முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

நியாஸ் எழும்பி, தங்கா மேடையில் ஊதும் அந்தத் துள்ளல் பாட்டை எடுத்தார். டிரம்ஸ் இல்லையே என்று நான் யோசிப்பதற்குள் கோயில் தப்பு மேளம் இரண்டு வந்துவிட்டன. சங்கு வருமுன் பெரட்டுக்கு ஆள் கூட்ட அந்தக் காலத்தில் அடித்த அதே அடி. ரொக் பாட்டுக்கு அவ்வளவு பொருத்தமான அடி வேறு இல்லை. தங்கா இதைக் கேட்டிருந்தால் டிரம்ஸ்காரரை வீட்டுக்கு அனுப்பியிருப்பான். த்ரீவீலர் சாரதி ஆடிய ஆட்டத்தைத்தான் படத்தில் பார்த்தீர்கள். அவர் தன் செருப்பை முன்கூட்டியே கழற்றி வண்டிக்குள் வைத்துவிட்டார்.

"கொழுந்த இங்கேயே நிறுப்போம்!" என்று கங்காணி கத்தினார். "இன்னைக்கு யாருக்கும் அரைப்பேர் இல்ல. எல்லாருக்கும் முழுப்பேர்!"

முடிந்து ரொட்டி தின்னும்போது மாரியாயி அவரிடம் கேட்டாள். "அந்தப் பேர இனிமே சொல்லாதீங்கண்ணே."

"ஏன் சொல்லக் கூடாது? மெய்ச்சங்கு ஆறு வருசமா ஊதல. பொய்ச்சங்குதானே இன்னைக்கு ஊதுச்சு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அதுவும் சரிதான்" என்று அவருக்கு இன்னொரு ரொட்டி போட்டாள்.

அதுதான் மக்களே, அந்தப் படத்தின் கதை. பெரிய ஹோட்டல் மேடைகளில் அவனைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவையெல்லாம் மறந்துபோகும். மலையில் இருந்து இறங்கிய அந்தக் குலவை மறக்காது. அவன் இங்கிருந்து எடுத்துப்போன சத்தத்தை ஊர் ஊராக ஊதினான். அது திரும்ப இங்கே வந்து சேர முப்பத்தைந்து வருஷமும் ஒரு மஞ்சள் டப்பாவும் தேவைப்பட்டது.

இன்றைக்கு நாங்கள் இரண்டாம் முறை வந்திருக்கிறோம். இந்த முறை போன் எடுத்துக் கூப்பிட்டது கங்காணி. நியாஸ் நான்கு ரீட் கொண்டுவந்திருக்கிறார். ஆனால் அந்த மஞ்சள் ரீட்டைத்தான் பூட்டுகிறார், அதோ தெரிகிறது.

நீங்கள் வருவதாக இருந்தால் சில விஷயங்கள். சனிக்கிழமை வாருங்கள். குட்ஷெட்டில் எட்டு மணிக்கு முன்னால் நில்லுங்கள். ஒரு ஸ்வெட்டர் வேண்டும், பனி சொல்லிக்கொண்டு வராது. அட்டைக் கடிக்குச் சவர்க்காரத்தை, அதுதான் சோப்பை, காலில் தடவிக்கொள்ளுங்கள். கொழுந்து பறிப்பவர்களைப் படம் எடுக்கும் முன்னால் கேட்டுவிட்டு எடுங்கள், அவர்கள் வேலையில் இருக்கிறார்கள். த்ரீவீலர் கூலியை ஏறும் முன்னால் பேசுங்கள். போன் சிக்னல் களத்துக்கு மேலே, ஸ்டோர் வாசலில் மட்டும் கிடைக்கும். வாத்தியம் ஏதாவது கொண்டுவந்தால், பொத்தான் இல்லாத சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள். திரும்பிப் போகப் பன்விலவில் கடைசிக்கு முந்திய பஸ்ஸைப் பிடிப்பது நல்லது, ஏனென்றால் கடைசி பஸ் சில நாள்—

"அண்ணே! ராமையாண்ணே! அங்க என்னா இன்னும் போனோட பேச்சு? பொய்ச்சங்கு ஊதப்போகுது. பெரட்டுக்கு வாங்க!"

இதோ வந்துட்டேன், மாரியாயி. மக்களே, என்ன சொன்னேன், கடைசி பஸ் சில நாள் வராது. வராவிட்டால் பயப்படாதீர்கள், களத்தில் நின்று யாரையாவது வாயால கூப்பிடுங்கள், கூப்பிட்டால் இங்கே வருவார்கள்.